பதம் என்னும் சொல்

ஒரு சமையல் புத்தகத்தை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குக் கேலியாகப் படலாம். படட்டும். 'அனுபவம்' என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாக உபயோகித்து வந்திருக்கிறோம் என்று எனக்கு உறைக்கவைத்தது ஒரு நாவலோ கவிதையோ அல்ல. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் வெளிவந்தது 1951-ல்.

நூல் பிறந்த விதம் பலருக்கும் தெரிந்ததுதான். சமையலில் பெயரெடுத்த மீனாட்சி அம்மாளிடம் உறவினர்கள் கடிதம் எழுதிச் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதையெல்லாம் புத்தகமாக எழுதும்படி தூண்டியவர் அவருடைய உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். ஆக, கடிதத்தின் தேவையிலிருந்து வந்த உரைநடை இது. எழுதுகிறவருக்குப் படிக்கிறவரின் அடுப்பு தெரியாது. படிக்கிறவர் இடையில் நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது. புதுக்குடித்தனம் போகும் பெண்களின் பெட்டியிலும் கடல் கடந்து போகிறவர்களின் பெட்டியிலும் இந்தப் புத்தகம் இடம் பிடித்தது தற்செயல் அல்ல.

தலைப்பைக் கவனிக்க வேண்டும். 'பார்' இங்கே துணைவினை. செய்துபார், சொல்லிப்பார் என்பதைப்போல. நூல் தன்னை நம்பச் சொல்லவில்லை, சோதிக்கச் சொல்கிறது. நம் விமர்சன நூல்களில் எதற்கு இப்படி ஒரு தலைப்பைத் தைரியமாக வைக்க முடியும்?

நான் இதைப் படிக்க நேர்ந்த சந்தர்ப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதுவரை நான் அடுப்பைப் பற்றவைத்தது வெந்நீருக்கு மட்டும். பிறகு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. எங்கள் கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்திருந்த பழைய பிரதி பரணில் கிடந்தது. அவள் அதைத் திறந்து பார்த்த அடையாளம் இல்லை. தேவையும் இருந்திருக்காது.

பிரதி ஆழாக்கிலும் பலத்திலும் பேசியது. சென்னைப் படியில் எட்டில் ஒன்று ஆழாக்கு. நாற்பது பலம் ஒரு வீசை. 1956-ல் சட்டமான மெட்ரிக் முறை இந்த அளவைகளைக் கடைவீதியிலிருந்து அகற்றிவிட்டது. ஒரு பலத்துக்கு ஏறத்தாழ 35 கிராம் என்று பெருக்கி எழுதிக்கொண்டேன். கணக்கு சரியாக வந்தது. சாம்பார் வரவில்லை.

துவரம்பருப்பு குழைவதற்கு முன்பே புளித்தண்ணீரை விட்டுவிட்டேன். புளிப்பு ஏறிய தண்ணீரில் பருப்பு குழையாது. எவ்வளவு கொதித்தும் தனித்தனியாக முழித்துக்கொண்டு கிடந்தது. புத்தகத்தில் பிழை இல்லை, என் வாசிப்பில்தான் பிழை. தமிழில் சமையல் குறிப்பு என்பது எச்சங்களால் ஆனது: வேகவைத்து, கரைத்து, விட்டு, கொதித்ததும், இறக்கி. இவற்றை நான் ஒரு பட்டியலைப்போலப் படித்தேன். ஒவ்வொரு எச்சத்திலும் ஒரு காரியம் முடிந்தாக வேண்டும், அது முடிந்ததா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாகக் கவிதைகளையும் இப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேனோ என்ற பயம் அன்று வந்தது.

1896-ல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் தலை தட்டிய கரண்டியையும் கோப்பையையும் சமையல் எழுத்தின் அடிப்படையாக்கினார். அளவு துல்லியமானால் விளைவும் துல்லியமாகும் என்பது அந்த நம்பிக்கை. நம் சமையல் மொழிக்கு அளவு போதவில்லை. அதற்குப் 'பதம்' வேண்டியிருக்கிறது. கம்பிப் பதம் என்றால், பாகை விரலிடுக்கில் தொட்டு இழுக்கும்போது கம்பியாக நீள வேண்டும். அதாவது அந்தச் சொல்லின் அர்த்தம் விரலில் இருக்கிறது. 'பச்சை வாசனை போகும்வரை' என்பதோ இன்னும் கடினம். இல்லாமற்போவதைக் கொண்டு காலத்தை அளக்கச் சொல்கிறது. அந்த வாசனையை ஒருபோதும் கவனிக்காதவனுக்கு அது எப்போது போயிற்று என்பது எப்படித் தெரியும்?

பதம் என்றால் சொல் என்றும் பொருள். புத்தகத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பதம் மட்டும். மற்றப் பதம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் இருந்தது. அவளிடம் சொல் இல்லை. ஒருநாள் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் இடது கையால் நாற்காலியின் கையை இரண்டு முறை தட்டினாள். திரும்பிப் பார்த்தேன். நுரை திரண்டு மேலே வந்துகொண்டிருந்தது. இறக்கினேன். அன்றைய ரசம் ரசமாக இருந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து பாத்திரம் தெரியாது. வாசனையைக் கேட்டுத் தட்டியிருக்கிறாள்.

நூலின் உரைநடை எங்கே நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது அப்போதுதான். ஏற்கனவே தாயின் சமையலறையில் நின்றுநின்று மூக்கும் விரலும் பாதி பழகிவிட்ட ஒரு பெண்ணை நம்பி அது எழுதப்பட்டிருக்கிறது. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் சிக்கனமாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவனுக்கு அதில் இடமில்லை. இதை நூலின் குறையாக நான் சொல்ல மாட்டேன். இன்று வீடியோவில் நுரையைக் காட்டிவிடலாம். வாசனையை அதிலும் காட்ட முடியாது.

ஆனால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். இது பிராமணக் குடும்பம் ஒன்றின் சைவச் சமையல். அந்த அளவில் முழுமையானது. இதைத் 'தமிழ்ச் சமையல்' என்று நாம் பேசும்போது, அச்சுக்கு வராத அடுப்புகள் அத்தனையும் இல்லாமற்போகின்றன. அங்கே பதங்கள் குறைவாக இருந்தன என்பதல்ல. கடிதம் எழுதிக் கேட்கவும், கேட்டதைப் புத்தகமாக்கச் சொல்லவும், அச்சடிக்கவும் அங்கே ஆட்கள் இல்லை. பொறுப்பு மீனாட்சி அம்மாளுடையதல்ல, ஒரு பகுதியை முழுசாகப் படித்துவிட்ட நம்முடையது.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு. அவள் அம்மாவிடமிருந்து அவள் கற்றது. அவளிடமிருந்து யாரும் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டிய காலத்தில் நான் இலக்கியத்தில் அனுபவத்தின் இடம் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால் சொல்ல அவளுக்கு வாய் இல்லை, எடுத்துப் பார்க்கப் புத்தகமும் இல்லை.

இன்று நெத்திலி வாங்கி வந்து ஆய்ந்து வைத்திருக்கிறேன். புளி கரைத்தாகிவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் அடுப்புக்கு அருகில் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.