தூணில் ஒரு புலி

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பிரசாத ஸ்டாலுக்கு ஓடுகிறவர்கள், வெள்ளைக் கோபுரத்துக்கு அருகில் சேஷராயர் மண்டபத்தில் அஞ்சு நிமிஷம் நிற்கலாம். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கல் குதிரைகள். மேலே வீரன், கையில் ஈட்டி. கீழே புலி. விஜயநகர பாணி, 16-ம் நூற்றாண்டு வேலை.

போன மாதம் பெண்ணை அங்கே கூட்டிப் போனேன். அதற்கு முன் பள்ளி லீவில் முதுமலை போயிருந்தோம். தெப்பக்காட்டில் வேன் ஏறிச் சுற்றியதில் புள்ளிமான் உண்டு, காட்டெருமை உண்டு. புலி இல்லை. ஓரிடத்தில் மான்கள் திடீரென்று குரல் கொடுக்க, டிரைவர் எஞ்சினை அணைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். புதர் லேசாக அசைந்தது. அவ்வளவுதான். ‘காசு குடுத்தும் புலி காட்டலியே’ என்றார் பின்சீட்காரர்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சரக்கு ஸ்டாக்கில் இருக்கிறது, டெலிவரிக்குத்தான் உத்தரவாதம் இல்லை. 2006 மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் 76 புலிகள், 2022-ல் 306. காட்டில் தானியங்கி கேமராக்கள் வைத்து, உடம்பின் வரிகளைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது.

மண்டபத்துக்கு வருவோம். குதிரையின் திமிறலையும் சேணத்தின் நுணுக்கத்தையும் செதுக்கிய சிற்பியின் கைக்கு ஒரு கும்பிடு. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அத்தனை கவனமும் குதிரைக்கும் வீரனுக்கும் போய்விட்டது. புலி அங்கே இருப்பது, குத்துகிறவன் வீரன் என்பதற்குச் சாட்சி சொல்ல மட்டும். பிற்பாடு ஜமீன்தார்களும் வெள்ளைக்கார துரைகளும் செத்த புலிமேல் காலை வைத்து எடுத்துக்கொண்ட போட்டோக்களும் இதே ஜாதிதான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னது. ஆசையைக் கீழே வைக்கச் சொல்லச் சட்டத்தால் முடியாது. பின்சீட்காரருக்கும் வேண்டியிருந்தது சாட்சிதான். ஈட்டிக்குப் பதில் அவர் கையில் செல்போன். நியாயமாகச் சொன்னால், என் கையிலும்.

பெண் குனிந்து தூண் புலியின் தலையைத் தடவினாள்.

“இது என்னப்பா பண்ணித்து?”

“ஒண்ணும் பண்ணலை.”

“பாவம். முதுமலைல நம்ம புலி ஓடிப் போயிடுத்து, இல்ல?”

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் புலி பார்க்காமல் வந்துவிட்டோமே என்று நான்தான் புலம்பிக்கொண்டு வந்தேன். அவள் அன்றைக்கே அந்தக் கணக்கை முடித்துவிட்டாள் போலிருக்கிறது. தூண் புலிக்குப் போக இடமில்லை. அதற்கு இருந்தது, போயிற்று.

அடுத்த முறை சேஷராயர் மண்டபத்துக்குப் போனால் குதிரையை அப்புறம் பாருங்கள். முதலில் கொஞ்சம் குனியுங்கள்.