வீட்டுக்குள் வந்த அலுவலகம்

1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். பெண்ணின் அலைச்சலைக் குறைக்க ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டார். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒருவர் மட்டுமே புழங்கக்கூடிய அந்த அறையில் நிற்கப்போவது பெண்தான் என்பதை அந்த வடிவம் கேள்வி கேட்கவில்லை என்று பின்னாளில் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள்.

அதே விமர்சனத்தை இன்று கட்டடக்கலை அலுவலகங்கள்மீதும் வைக்க வேண்டியிருக்கிறது. 2020 பொதுமுடக்கத்தில் வரைபட வேலை வீட்டுக்கு வந்தது. ஆட்டோகேட் மடிக்கணினியில் ஓடியது; கூட்டங்கள் ஜூமில் நடந்தன. பெண்களுக்கு இது வரப்பிரசாதம் என்றார்கள். அலுவலகத்துக்கு வாடகையும் மின்கட்டணமும் மிச்சம். அவளுக்கு மிச்சமான பயண நேரத்தையோ வீடு எடுத்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் அறை பிரித்துத் தருகிறவளுக்குத் தன் வீட்டில் கிடைத்தது சாப்பாட்டு மேசையின் ஓரம். அதுவும் தட்டு வைக்கும் நேரம்வரை.

நம் சட்டமும் இப்படித்தான் யோசிக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், விடுப்பு முடிந்த தாய், முதலாளி சம்மதித்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. தந்தையைப் பற்றிப் பேச்சில்லை. குழந்தைகள் காப்பகம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே கட்டாயம். பத்துப் பதினைந்து பேர் கொண்ட கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை செய்பவளுக்கு வீடுதான் காப்பகம், அவள்தான் ஆயா.

இந்தத் தொழிலில் எல்லா வேலையும் வீட்டுக்கு வந்துவிடாது. கம்பி கட்டியதைச் சரிபார்க்கவும் மேஸ்திரியோடு மல்லுக்கட்டவும் சைட்டுக்குப் போயாக வேண்டும். அவள் வீட்டிலிருந்து வரைகிறாள். அதை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போகிறவன் 'ஆர்க்கிடெக்ட் சார்' ஆகிறான். 1991இல் பிரிட்ஸ்கர் விருது ராபர்ட் வென்சூரிக்கு மட்டும் தரப்பட்டது. அவரோடு இணைந்து பல்லாண்டு உழைத்த டெனிஸ் ஸ்காட் பிரவுனுக்கு இல்லை. ஒரே அலுவலகத்தில் கண்ணெதிரே உழைத்தவருக்கே இந்த நிலை என்றால், திரைக்குப் பின்னால் இருப்பவளின் பெயர் எங்கே போகும்?

பழைய அலுவலகத்துக்கே திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவுவரை அங்கேயே கிடப்பதுதான் அர்ப்பணிப்பு என்று சொல்லிப் பெண்களை வெளியேற்றிய இடம் அது. வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும். வீட்டில் ஒதுக்கும் இடத்துக்கு அலுவலகம் பணம் தர வேண்டும். சைட்டுக்குப் போவதில் முறை வேண்டும். வரைந்தவளின் பெயர் வரைபடத்தின் மூலையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் கிடைக்கிற சுதந்திரம், அளவு பார்த்துக் கட்டிய இன்னொரு சமையலறைதான்.