மத்யோராவின் சிலுவைகள்

வாலந்தீன் ரஸ்பூத்தின் 1976-இல் வெளியிட்ட 'மத்யோராவிடம் விடைபெறல்' என்னும் ரஷ்ய நாவல், அணைநீரில் மூழ்கவிருக்கும் தீவு ஒன்றின் இறுதிக் கோடையைக் கூறுவது. அதனை மறைந்த சிற்றூர் வாழ்வுக்கு இரங்கும் நூலாகவே கற்போர் பலர் கொள்வர். தமிழ் மரபில் வந்த நமக்கு அவ்வாறு கொள்ளுதல் மிக எளிது; கையறுநிலை என்னும் துறை நம் கைவசம் உள்ளதன்றோ? எனினும், அந்நூலின் உயிர்நிலை இரக்கத்தில் இல்லை என்பது எம் கருத்து. நிலத்தையும் நீரையும் பற்றிய முடிவுகளை ஒருகட்சி அரசே எடுக்கும் நாட்டில், மக்கள் கேட்டிருக்கவேண்டிய வினா எங்ஙனம் காணாமற் போகின்றது என்பதையே அது காட்டுகின்றது.

ரஸ்பூத்தின் 1937-இல் அங்காரா ஆற்றங்கரையிற் பிறந்தவர். அவர் வளர்ந்த அத்தலான்கா என்னும் ஊர், பிராத்ஸ்க் நீர்த்தேக்கத்தின் பொருட்டு இடம்பெயர்க்கப்பட்டது. 1960-களில் நிரம்பிய அந்நீர்த்தேக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 5,500 சதுரக் கிலோமீட்டர். இயற்கையை மாற்றியமைக்கும் பெருந்திட்டம் ஒன்றை 1948-இல் ஸ்டாலின் அரசு வகுத்தது. அவர் இறந்தபின் திட்டம் கைவிடப்பட்டது. அதனைப் பெற்ற மனப்பாங்கு கைவிடப்படவில்லை.

நாவலின் தொடக்கப் பகுதியில் வரும் இடுகாட்டுக் காட்சியை ஈண்டு நோக்குக. வெளியூர் ஆட்கள் இருவர் கல்லறைச் சிலுவைகளை அறுத்துக் குவிக்கின்றனர். மூதாட்டியர் ஓடிவந்து தடுக்கின்றனர், ஊரே திரள்கின்றது. ஆட்கள், தமக்கு இட்ட ஆணை என்கின்றனர். ஊர் மன்றத் தலைவன் வொரொன்ட்சோவும், மூழ்கு நிலப்பகுதிக்குப் பொறுப்பான அலுவலன் ஜூக்கும் வந்து, நிலத்தைத் துப்புரவு செய்தற்கு விதி உண்டு என்கின்றனர். ஜூக் கூறும் காரணம் ஒன்று நினைக்கத்தக்கது: நீர்ப்பரப்பின்மேல் சுற்றுலாப் பயணிகள் கப்பலிற் செல்வர், அவர்கள் கண்முன் சிலுவைகள் மிதக்கலாகாது! ஆட்கள் துரத்தப்படுகின்றனர். அன்றிரவு நெடுநேரம் வரை மூதாட்டியர் சிலுவைகளை மீண்டும் நட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இதனை மக்கள் பெற்ற வெற்றி எனப் பாராட்டுவோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அன்று நிகழ்ந்த வழக்கு சிலுவைகளைப் பற்றியது, அணையைப் பற்றியதன்று. கல்லறைகள் நீரில் மூழ்குதல் முன்பே முடிந்த செய்தி. அதனை முடிவு செய்தவர் யாவர், எங்கிருந்து, யாரைக் கேட்டு என்பவற்றை நாவலில் எவரும் அவையேறிக் கேட்பதில்லை. கேட்டற்குரிய அவையும் அங்கு இல்லை. ஒவ்வொருவனும் தனக்கு மேலுள்ளவனைச் சுட்டுகின்றான்; மேலே செல்லச் செல்ல முகம் மறைந்து விதி மட்டும் எஞ்சுகின்றது. மேலிடத்தை ஆசிரியர் பெயர் சுட்டாமல் விட்டது தணிக்கைக்கு அஞ்சியதனால் என்று கூறலாம். அஃது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அவ்வின்மையே வல்லாட்சியின் மெய்யான உருவமாக நூலில் அமைந்துவிட்டது என்போம்.

அவ்வாட்சிக்கு வேண்டிய கைகள் ஊருக்குள்ளிருந்தே கிடைக்கின்றன. பெத்ரூகா என்பவன் இழப்பீட்டுப் பணத்தை விரும்பித் தன் வீட்டிற்குத் தானே தீயிடுகின்றான். பின்னர்ப் பிறர் வீடுகளைக் கூலிக்கு எரிக்கின்றான். கோடரிக்கும் நெருப்புக்கும் வாளுக்கும் மசியாத பெருமரத்தைக் குறியீடென விரித்துரைப்பாரினும், இப்பெத்ரூகாவை விளக்குவாரே நமக்குத் தேவை. குறையும் உண்டு. மூதாட்டி தார்யாவின் பேரன் அந்திரேய் அணை வேலைக்குச் செல்ல விழைபவன். அவன் வாதத்திற்கு ஆசிரியர் போதிய வலிமை தரவில்லை. மின்விளக்கை விரும்பும் இளைஞன் மூடன் அல்லன். அவனை வலியனாக்கியிருப்பின் தார்யாவின் சொல்லும் வலிமை பெற்றிருக்கும்.

இனி, இத்துணைக் கடுமையான நூலை அவ்வரசு எங்ஙனம் வெளிவர விட்டது? அடுத்த ஆண்டே, வேறொரு நாவலுக்காக, அரசுப் பரிசும் ரஸ்பூத்தினுக்கு அளிக்கப்பட்டது. நீர் நிறைந்தபின் எழும் புலம்பலால் அணைக்கு ஊறில்லை என்பதே விடையாகலாம். செர்கேய் ஸலீகின் வழி வேறு. நீர்ப்பாசனப் பொறியியல் கற்ற அவ்வெழுத்தாளர், ஓப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் எழவிருந்த பேரணையைக் கட்டுமுன்பே, 1960-களின் தொடக்கத்தில், எதிர்த்து எழுதினார். அத்திட்டம் நின்றது. அவர் எழுத்து மட்டுமே அதனை நிறுத்தியது என்றல் மிகை. மூழ்கவிருந்த நிலப்பகுதியில் எண்ணெயும் எரிவளியும் இருந்தன. ஆதலின் அரசின் மற்றொரு துறையும் அணையை விரும்பவில்லை. வடக்கு நோக்கி ஓடும் ஆறுகளைத் தெற்கே திருப்பும் திட்டத்தை இருவரும் எதிர்த்தனர்; அது 1986-இல் கைவிடப்பட்டபோது ஆட்சியின் இறுக்கமே தளரத் தொடங்கியிருந்தது.

நாவலின் இறுதிக்கு வருவோம். மறுநாள் ஆய்வுக்குழு வரவிருக்கின்றது. தீவிலோ இன்னும் சில முதியோர் உளர். அவர்களை அழைத்துவர வொரொன்ட்சோவ் இரவில் விசைப்படகிற் புறப்படுகின்றான். உடன் தார்யாவின் மகன் பாவெலும் பெத்ரூகாவும் செல்கின்றனர். மூடுபனி சூழ்கின்றது, படகோட்டிக்குத் திசை தெரியவில்லை. பெத்ரூகா தன் தாயை விளித்துக் கூவுகின்றான். தீவு எப்பக்கம் என்பதைச் சொல்ல விதி ஏதும் இல்லாமையால், வொரொன்ட்சோவ் படகில் அமர்ந்திருக்கின்றான்.