எட்டு முனைகள் கூடும் இடம்

துணித் துண்டுகளை மூட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட். அமெரிக்கக் குயில்ட் மரபில் லோன் ஸ்டார் என்றும் ஸ்டார் ஆஃப் பெத்லஹேம் என்றும் பெயர் பெற்ற ஒரு நட்சத்திரம் உண்டு. போர்வையின் பரப்பு முழுவதையும் ஒற்றை நட்சத்திரமே அடைத்துக்கொள்ளும். எட்டுப் பெரிய சாய்சதுரங்கள் கதிர்களாக நடுவில் முனை சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு கதிரும் சின்னச் சின்னச் சாய்சதுரத் துண்டுகளை மூட்டிச் செய்தது. பக்கத்துக்கு ஒன்பது துண்டு என்றால் ஒரு கதிருக்கு 81, நட்சத்திரத்துக்கு 648. நிறங்களை வரிசை பார்த்து அடுக்கியிருப்பதால் அவை நடுப்புள்ளியிலிருந்து வளையம் வளையமாக விரியும். இதைப் பாராட்டுகிறவர்கள் வழக்கமாக எடுக்கும் சொல் துல்லியம். அந்தப் பாராட்டு தவறான இடத்தில் போய் விழுகிறது என்று நினைக்கிறேன். துணி துல்லியத்துக்குக் கட்டுப்படாத பொருள். இழுத்தால் நீளும், இஸ்திரிப் பெட்டி ஓடும் திசையில் நகரும், ஊசி ஏறும்போது சுருங்கும். இந்த வேலையில் தேர்ந்தவர்கள் பிழையே இல்லாமல் தைக்கிறவர்கள் அல்லர். வரப்போகிற பிழை எங்கிருந்து வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே அறிந்து, அது ஓரிடத்தில் குவிந்துவிடாதபடி எல்லா மூட்டுகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பவர்கள். ரசிக்க வேண்டியது அந்தப் பங்கீட்டைத்தான்.

கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். குயில்ட் தையலில் ஒவ்வொரு மூட்டுக்கும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் விடுவது பொது வழக்கம். ஊசி கால் அங்குலத்தைவிட 1/32 அங்குலம் கூடுதலாக உள்ளே ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் மூட்டு என்பது இரண்டு துண்டுகளைச் சேர்ப்பது. ஆகவே ஒரு மூட்டில் தொலைவது 1/16 அங்குலம். ஒன்பது துண்டு வரிசையில் எட்டு மூட்டுகள். வரிசை முடியும்போது அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் ஒருநாளும் பொருந்தாது. இதோடு நிற்பதில்லை. தைத்த மூட்டை மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பே ஓரிரு இழை அகலத்தை விழுங்கிவிடும். அதற்காகவே அனுபவசாலிகள் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாக ஊசியை ஓட்டுகிறார்கள். நீளத்தைவிடக் கோணம் இன்னும் கறாரானது. எட்டு முனைகளும் ஆளுக்கு 45 பாகை இருந்தால் கூட்டுத்தொகை 360, நட்சத்திரம் தட்டையாகப் படியும். ஒவ்வொன்றும் அரைப் பாகை ஏறினால் மொத்தம் நான்கு பாகை மிஞ்சி, துணி தரையில் படியாமல் அலை அலையாகச் சுருளும். அரைப் பாகை குறைந்தால் நடுவில் கூம்பு எழும்பும். வெட்டும்போது நடந்த தவறு தைத்து முடித்த பிறகுதான் மேலே எழுந்து முகம் காட்டுகிறது.

கட்டம் போட்ட சட்டைக்குப் பை வைக்கிற தையல்காரரும் கோட்டோடு கோட்டைச் சேர்க்கத்தான் செய்கிறார். ஆனால் அவருக்கு ஒரு சுதந்திரம் உண்டு: கோடு சேரும்வரை பையை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்க்கலாம். சாய்சதுர வரிசைகளை மூட்டுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரு முனையை நகர்த்தினால் வரிசையில் உள்ள மற்ற முனைகளும் கூடவே நகரும். அதோடு அவர் கண்ணை அவரே நம்ப முடியாது. இன்று பலரும் இந்தத் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டுவதில்லை. நீள நாடாக்களைப் பக்கம் பக்கமாக மூட்டி, அந்த மொத்தத்தை 45 பாகைச் சாய்வில் வரிசை வரிசையாக அறுத்து, வரிசைகளை மறுபடி மூட்டுகிறார்கள். இரண்டு வரிசைகளை நல்ல பக்கம் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும், இயல்பாகக் கை செய்யத் தூண்டுவது மேல் மூட்டும் கீழ் மூட்டும் விளிம்பில் ஒன்றாக முடியும்படி சேர்ப்பது. அப்படிச் சேர்த்துத் தைத்தால் விரித்துப் பார்க்கும்போது கோடுகள் அரை அங்குலம் விலகி நிற்கும். மூட்டுகள் சாய்வாக ஓடுவதால், விளிம்பில் ஒன்றான கோடுகள் கால் அங்குலம் உள்ளே போவதற்குள் ஆளுக்குக் கால் அங்குலம் எதிரெதிராக விலகிவிடுகின்றன. ஆகவே அவை விளிம்பில் பொருந்தாமல் இருந்தால்தான் ஊசி ஓடும் கோட்டில் பொருந்தும். கைதேர்ந்தவர்கள் ஒரு குண்டூசியை மேல் மூட்டில் சரியாகக் கால் அங்குலம் உள்ளே செங்குத்தாக இறக்கி, அதே ஊசி கீழ் மூட்டிலும் அதே ஆழத்தில் வெளிவருகிறதா என்று புரட்டிப் பார்ப்பார்கள். வந்தால் இருபுறமும் வேறு ஊசிகளைக் குத்தி நிலைநிறுத்திவிட்டு நடு ஊசியை உருவிவிடுவார்கள். விட்டுவைத்தால் அது சாய்ந்து, சேர்த்ததைத் தானே கலைத்துவிடும். அரை நிமிட வேலை. நட்சத்திரம் முழுக்க அது ஐந்நூறு தடவைக்கு மேல் வரும். கண் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கணக்கு சொல்வதைக் கை செய்வது இந்த வேலையின் முதல் நயம் என்பேன்.

இரண்டாவது நயம் பின்பக்கத்தில் இருக்கிறது. மூட்டிய பிறகு மிஞ்சும் விளிம்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுவது பழைய பழக்கம்; கைத்தையல் காலத்தில் அது மூட்டுக்கு வலுவும் தந்தது, உள்ளே வைக்கும் பஞ்சு இடுக்கு வழியாக வெளியே வராமலும் காத்தது. சதுரத் துண்டுகளால் ஆன பிளாக் என்னும் கட்டத்தில் ஒரு வரிசையின் விளிம்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் விளிம்புகளை இடப்பக்கமும் சாய்த்துவிட்டால், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது தடித்த மடிப்புகள் ஒன்றையொன்று முட்டி நிற்கும். விரல் நுனி அந்த முட்டலை உணரும்; கண்ணை மூடிக்கொண்டுகூடச் சேர்க்கலாம். பல மணி நேரம் முன்னால் இஸ்திரிப் பெட்டி எடுத்த முடிவு இப்போது ஊசிக்கு வழிகாட்டுகிறது. நட்சத்திரத்தின் நடுவில் இந்த முன்யோசனை உச்சத்துக்குப் போகிறது. எட்டு மூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளிம்புகள், ஆகப் பதினாறு விளிம்புகள் ஒரே புள்ளியை நோக்கி வருகின்றன. எல்லாவற்றையும் கண்டபடி மடித்தால் நடுவில் கொட்டைபோல் ஒரு புடைப்பு வரும். அதைத் தவிர்க்க, விளிம்புக்குள் இருக்கும் இரண்டொரு தையலைப் பிரித்துவிட்டு, எட்டு மூட்டுகளின் விளிம்புகளையும் ஒரே சுற்றாகச் சுழலவிட்டுப் படியவைப்பார்கள். பின்பக்கத்தில் ஒரு குட்டிக் காற்றாடி உருவாகும். முன்பக்கம் பார்க்கிறவருக்குத் தெரிவதெல்லாம் நட்சத்திரம் தட்டையாக இருக்கிறது என்பது மட்டும்தான். அதற்கும் முன்னால் இன்னொரு சோதனை உண்டு. நான்கு கதிர்களைச் சேர்த்து ஒரு பாதி, மற்ற நான்கைச் சேர்த்து மறு பாதி. இரண்டையும் இணைக்கும் கடைசி நெடுந்தையலுக்கு முன் ஒவ்வொரு பாதியின் விளிம்பிலும் அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். அது நேர்கோடாக இல்லையென்றால் நடுப்புள்ளியில் என்ன சாகசம் செய்தாலும் பயனில்லை. நடுப்புள்ளியின் வெற்றி நடுப்புள்ளிக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

வெளிப்புறத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கதிர்களின் விரிகோணங்கள் 135, 135 போக மிச்சம் 90 பாகை. அந்த இடுக்கில் ஒரு சதுரத்தையோ முக்கோணத்தையோ பொருத்தித் தைக்க வேண்டும். மூன்று மூட்டுகள் ஒரே புள்ளியில் கூடுவதால் தையலை விளிம்புவரை ஓட்டாமல் கால் அங்குலம் முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். ஒரு தையல் தாண்டினால் மூலையில் சுருக்கம் விழும், ஒரு தையல் குறைந்தால் ஓட்டை விழும். இங்கே என் கருத்துக்கு நேரடிச் சான்றாக நிற்பது இன்னொரு பழக்கம். சேர்க்க வேண்டிய இரண்டு பக்கங்களில் ஒன்று சற்று நீளமாகிவிட்டால் தேர்ந்தவர் அதை வெட்டிக் குறைப்பதில்லை. நீளமான துண்டை அடியில் வைத்துத் தைக்கிறார். தையல் மெஷினின் பல் அடித்துணியை முன்னே இழுக்கிறது, மேலே அழுத்தும் பாதம் மேல்துணியைச் சற்றுப் பின்னே பிடிக்கிறது. போகும் வழியெல்லாம் அந்த மிச்சம் கண்ணில் படாத அளவு துளித்துளியாகக் கரைந்துவிடுகிறது. பிழை ஒழியவில்லை, பன்னிரண்டு அங்குல நீளத்துக்குப் பரவிவிட்டது. மெஷினின் குறையையே வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தைத் துல்லியம் என்ற சொல்லுக்குள் அடைக்க முடியுமா?

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலையுடுப்புகளையும் கிடைத்த துணிகளையும் மூட்டிச் செய்த குயில்ட்கள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாகவும் வெளியிட்டது. அவற்றில் கோடுகள் வளைகின்றன, நாடாக்களின் அகலம் நடுவழியில் மாறுகிறது. அப்படியிருந்தும் அவை மகத்தான கலை. அப்படியானால் மூட்டு பொருந்துவது வெறும் ஒழுங்குப் பித்துதானே என்று கேட்கலாம். கீஸ் பெண்ட் குயில்ட்களின் முன் நானும் மறுபேச்சில்லாமல் நிற்பேன். ஆனால் அவை என் கருத்தைக் குலைப்பதாகத் தோன்றவில்லை. ஒரு வடிவம் என்ன வாக்குக் கொடுக்கிறதோ அதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் விரும்பிச் செய்யும் ஹவுஸ்டாப் அமைப்பில் ஒரு நடுத்துண்டைச் சுற்றி நாடாக்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். ஒரு சுற்றில் வந்த கோணலை அடுத்த சுற்றின் அகலத்தை மாற்றி ஏற்றுக்கொள்ள அந்த அமைப்பு இடம் கொடுக்கிறது. கோணல் அங்கே தாளமாகிறது. அதுவும் பிழையைப் பங்கிடும் கலைதான், ஆனால் வெளிப்படையாக. லோன் ஸ்டார் அப்படி இடம் கொடுக்காத வடிவம். எட்டுக் கோடுகளை ஒரு புள்ளிக்கு அழைத்து வந்துவிட்டு அந்தப் புள்ளியைக் காட்டாமல் விட்டால் அதை விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கருவிகள் வந்த பிறகு இதில் கலைக்கு என்ன மிச்சம் என்பது அடுத்த கேள்வி. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த வட்டக் கத்தி, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய காலத்தை முடித்துவைத்தது. கோடு போட்ட தாளின் மேலேயே துண்டுகளைத் தைக்கும் முறையில் ஊசிபோல் கூர்மையான முனைகள் யாருக்கும் கிடைக்கும். உண்மைதான். ஆனால் தாள் ஒரு பகுதிக்குள் இருக்கும் முனைகளுக்குத்தான் பொறுப்பேற்கிறது. தாளில் தைத்த இரண்டு பகுதிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்தில் பழைய சிக்கல் அப்படியே காத்திருக்கிறது. தாளின் உதவி புதிய சலுகையும் அல்ல. 1718-ஆம் ஆண்டைத் தாங்கிய ஆங்கிலேயப் பட்டுப் போர்வை ஒன்றைப் பிரிட்டனின் குயில்டர்ஸ் கில்ட் அமைப்பு வைத்திருக்கிறது. துணியைக் காகித அச்சின்மேல் மடித்து விளிம்போடு விளிம்பைத் தைத்த வேலை அது, அந்தக் காகிதங்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. கருவி பிழையின் அளவைக் குறைக்கிறது. குறைந்த பிழையும் எட்டு மூட்டில் எட்டு மடங்காகத்தான் சேரும்.

தள்ளி நின்று பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற சமாதானமும் உண்டு. ஓடுகிற குதிரையின் மேலிருந்து பார்க்கத் தெரியாத பிழை பிழையே அல்ல என்று அமெரிக்கக் குயில்ட்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால் அமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டார்கள் என்ற கதையும் வெகுநாளாக உலவுகிறது. குயில்ட் வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. வேலை தெரிந்தவருக்குத் தெரியும், பிழையைத் தேடிப்போய் விட வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. தூரத்துப் பார்வையைப் பொறுத்தவரை லோன் ஸ்டாரில் நடப்பது நேர்மாறானது. பக்கத்தில் நின்றால் ஒரு மூட்டு விலகியிருப்பது ஒரு மூட்டின் குறை. பத்தடி தள்ளி நின்றால் அங்கே ஒரு நிற வளையமே உடைந்திருப்பது தெரியும். அளவு சிறுத்தாலும் சலுகை கிடையாது. வெர்மான்ட் மாநிலத்தின் ஜேன் ஸ்டிக்கிள் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-ல் முடித்த போர்வையில் 169 சிறு பிளாக்குகள், மொத்தம் 5,602 துண்டுகள். அந்த எண்ணிக்கையை அவரே மூலையில் தைத்து வைத்திருக்கிறார். அந்தப் போர்வை பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு சின்னக் கட்டத்துக்குள் ஓர் இழை விலகினாலே முக்கோணத்தின் முனை மழுங்கிவிடும். 1971-ல் ஜொனாதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் விட்னி அருங்காட்சியகத்தில் குயில்ட்களை ஓவியங்கள்போல் சுவரில் மாட்டியது பெரிய திருப்பம். நிறத்தையும் வடிவத்தையும் தனியே பார்க்கக் கற்றுத்தந்தது. அதன் விலையாக வேலையைப் பார்க்கும் பழக்கம் கொஞ்சம் மங்கியது என்பது என் மனக்குறை. முடிந்த குயில்ட்டில் மூட்டின் பின்பக்கம் பஞ்சுக்கும் துணிக்கும் நடுவே நிரந்தரமாக மறைந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் நடுப்புள்ளி புடைக்கிறதா, ஓரத்து முனைகள் தையலுக்குள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் உள்ளே நடந்ததை ஊகிக்க வேண்டும்.

பொருந்தாததைப் பிரித்துத் தைத்தால் போயிற்று என்று தோன்றலாம். அங்கேயும் துணி ஒரு வரம்பு போடுகிறது. 45 பாகையில் அறுத்த விளிம்பு முழுக்கக் கிராஸ், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வானது. பாவு நூலும் ஊடை நூலும் அதைத் தாங்கிப் பிடிப்பதில்லை. ஒரு தடவை பிரித்தால் சற்று நீளும், மறுதடவை பிரித்தால் அலையும். மூன்றாம் தடவை அந்த விளிம்பு எதோடும் பொருந்தாத நிலைக்கு வந்துவிடும். எதைப் பிரிப்பது, எதை விடுவது என்பதையும் தைக்கிறவர் முன்னதாகவே யோசித்து வைத்திருப்பார். ஒரே நிறச் சாயலுள்ள இரண்டு துண்டுகளுக்கு நடுவே இரண்டு இழை விலகல் இருந்தால் அதைத் தொடமாட்டார். வெளிர் துணியும் அடர் துணியும் சந்திக்கும் இடத்தில் அதே இரண்டு இழை விலகியிருந்தால், அந்த மூட்டுக்கு இருபுறமும் ஓர் அங்குலம் மட்டும் பிரித்து, ஊசியை மறுபடி செங்குத்தாக இறக்கிச் சேர்ப்பார். வரிசை முழுவதையும் பிரிக்கிறவர் புதியவர்.