வெள்ளிக்கிழமை ஏக்கம்

தூர்தர்ஷன் பற்றிய பழம்நினைவு இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை, ‘ஒளியும் ஒலியும்’, தெருவுக்கு ஒரே பெட்டி, வாசல்வரை ஜனம். எழுதுகிறவர் யாராயிருந்தாலும் இந்த நான்கும் தவறுவதில்லை. எல்லோருடைய அனுபவமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வரும்போது, அது அனுபவம்தானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அதன் அலை ஐநூறு கிலோமீட்டர் கடந்து கோயமுத்தூருக்கு வந்துவிடவில்லை. 1982-ல் தில்லியின் தேசிய ஒளிபரப்பு. பிறகு சிறு அஞ்சல் நிலையங்கள் நாடெங்கும் பெருகியபோது, பல ஊர்களுக்கு முதலில் கிடைத்தது தில்லியின் ஹிந்திதான். கொடைக்கானல் கோபுரம் வந்த பின்னரே சென்னையின் தமிழ் இந்தப் பக்கம் பரவலாக எட்டியது. ஆக, எழுபதுகளிலிருந்து நீளும் அந்த ஏக்கம் சென்னைக்காரருடையது. நாம் இரவல் வாங்கியிருக்கிறோம். 1993-ல் சன் டி.வி. தொடங்கியபோது நடை பழகிக்கொண்டிருந்த என் வயதுக்காரர்கள் அந்த இரவலையும் இரவல் வாங்குகிறார்கள்.

இரவல் என்பதாலேயே ஒரு உணர்ச்சி பொய்யாகிவிடாது. என் ஆட்சேபம் வேறு. ‘ஒளியும் ஒலியும்’ நிலையத்தின் படைப்பே அல்ல. சினிமாப் பாட்டுகளை வரிசைப்படுத்திய நிகழ்ச்சி. அதைப் போற்றுவது சினிமாவைப் போற்றுவதுதான். நிலையம் தானே செய்தவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’. இரண்டும் கேலிக்கு உள்ளானவை.

‘வயலும் வாழ்வும்’ அலுப்புக்கு மறுபெயராகவே நிலைத்துவிட்டது. சிறுவயதில் கோபிசெட்டிபாளையம் பக்கம் உறவினர் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். பேட்டி காண்பவர் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நூல்தமிழில் கேட்பார். விவசாயி முதல் இரண்டு வாக்கியங்களை அதே தமிழில் சமாளிப்பார். மூன்றாவதில் ‘ஏனுங்க’ வந்துவிடும். அப்புறம் ‘பண்ணையம்’ வரும், ‘தண்ணி கட்டறது’ வரும், முகம் தளரும். யாரும் எழுதாத, யாரும் நடிக்காத நாடகம் அந்த நழுவலில் இருந்தது. ஆர். ஷண்முகசுந்தரம் 1942-ல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சுக்குத் தந்த கௌரவத்தை, சர்க்காரின் திரை தன்னையறியாமல் தந்துகொண்டிருந்தது. சினிமாவில் அதே பேச்சு பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் பயன்பட்டது.

நிகழ்ச்சி தரமானது என்று நான் சொல்லவரவில்லை. காமிரா அசையாது. நான் பார்த்தவற்றில் விவசாயி என்றால் நிலமுள்ளவர்தான்; கூலியாள் பின்னால் குனிந்திருப்பார், அவரிடம் கேள்வி போகாது. ‘எதிரொலி’யில் நேயர் கடிதங்களுக்குச் சொல்லப்பட்ட பதில்களிலும் மழுப்பல் உண்டு. ஆனாலும் ஒரு ஸ்தாபனம் தன்மீதான குறையைத் தன் வாயாலேயே வாசித்தது. பின்னால் வந்த தனியார் சேனல்களில் இந்த வழக்கம் வேர்பிடிக்கவில்லை.

இவை மறந்துபோகப் பாட்டு மட்டும் ஏன் நிற்கிறது? ரசனை காரணமல்ல என்று நினைக்கிறேன். பாட்டு சினிமாவோடு பிழைத்துக்கொண்டது. இன்று யூடியூபில் தொட்டால் வருகிறது. நிலையங்களின் சொந்தப் பதிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒளிநாடா விலை கூடிய சாமானாக இருந்த காலத்தில், அதை அழித்து மறுபடி பதிவது உலகெங்கும் நடந்தது. பி.பி.சி.யே அறுபதுகளின் ‘டாக்டர் ஹூ’ பகுதிகள் பலவற்றை இப்படி இழந்தது. நினைவு என்று நாம் சொல்லிக்கொள்வது, மீண்டும் பார்க்கக் கிடைப்பதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. அதாவது, சந்தையில் உள்ளதற்காகவே ஏங்குகிறோம்.

பொதிகை 2024-ல் ‘டிடி தமிழ்’ ஆனபோது பெயருக்காக வருந்தியவர்கள் உண்டு. பெயர் போகட்டும். அந்த விவசாயிகளின் மூன்றாவது வாக்கியங்கள் ஏதாவது ஒரு நாடாவில் மிஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டு ஒருவர்கூட எழுதி நான் படிக்கவில்லை.