'வித்தெல்லோனி': ஒரு விகுதியும் ஒரு திரைப்படமும்

1. முன்னுரை

ஃபெடரிகோ ஃபெலினி இயக்கிய 'இ வித்தெல்லோனி' என்னும் இத்தாலியத் திரைப்படம் 1953ஆம் ஆண்டு வெளிவந்து, அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்க விருதினைப் பெற்றது. கதையை ஃபெலினியுடன் என்னியோ ஃபிளையானோ, துல்லியோ பினெல்லி ஆகியோர் இணைந்து எழுதினர். கடலோரச் சிற்றூர் ஒன்றில், முப்பது வயதை நெருங்கியும் நிலையான வேலையோ பொறுப்போ இன்றி வீட்டாரைச் சார்ந்து வாழும் ஐந்து நண்பர்களைப் பற்றிய படம் இது. இதனை ஃபெலினியின் பிறந்த ஊரான ரிமினியோடும் அவரது இளமையோடும் இணைத்துப் பேசுவது திறனாய்வாளர் வழக்கம். இக்கட்டுரை மாறாகத் தலைப்புச் சொல்லிலிருந்து தொடங்குகிறது. முதிர்ச்சிக்கும் பிணைப்புக்கும் அஞ்சும் மனநிலையைப் பற்றி இப்படம் கூறுவதன் சாரம் அச்சொல்லின் விகுதியில் உள்ளது. மொழிபெயர்ப்பில் முதலில் மறைவதும் அதுவே.

2. சொல்லமைப்பு

'வித்தெல்லோ' என்பது கன்று. அதனுடன் பருமைப் பொருள் தரும் '-ஓனெ' விகுதி சேர 'வித்தெல்லோனெ' ஆகிறது. அதன் பன்மை 'வித்தெல்லோனி'. இறைச்சி வணிகத்தில் இச்சொல் இளங்கன்றுக்கும் முழு வளர்ச்சியடைந்த மாட்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் குறிக்கும். படத்தின் பெயருக்கு ஃபிளையானோ பின்னாளில் வேறொரு மூலம் கூறினார். தம் ஊராகிய பெஸ்காராவின் வட்டார வழக்கில் பெருங்குடலைக் குறிக்கும் சொல், உண்பதன்றி வேறு தொழில் அறியாதவனுக்கு வழங்கியதென்றும், அதுவே இவ்வாறு திரிந்ததென்றும் அவர் விளக்கினார். இரண்டில் எதனை ஏற்பினும் விகுதி ஒன்றே.

இவ்விகுதி பொருளைப் பெரிதாக்குமே தவிர அதன் வகையை மாற்றாது. பருத்த கன்றும் கன்றே. ஒன்றும் செய்யாதவனைக் குறிக்கும் 'ஃபன்னுல்லோனெ', தாயை விட்டு அகலாதவனைக் குறிக்கும் 'மம்மோனெ' ஆகிய சொற்களும் இவ்விகுதி கொண்டவை. 2007ஆம் ஆண்டு இத்தாலியப் பொருளாதார அமைச்சர் தொம்மாசோ பாதோவா-ஸ்கியோப்பா, பெற்றோர் வீட்டை விட்டு நீங்காத வயது வந்த பிள்ளைகளை 'பம்போச்சோனி' (பெரிய குழந்தைகள்) என்று குறிப்பிட்டது அந்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. படம் வெளிவந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும், 'வளர்ந்தான், ஆயினும் ஆளாகவில்லை' என்பதைச் சொல்ல இத்தாலிய மொழி அதே விகுதியை நாடியது என்பது நோக்கத்தக்கது.

3. படத்தில் விகுதியின் செயற்பாடு

படத்தின் நிகழ்ச்சி அமைப்பும் இவ்விகுதியைப் போன்றதே. ஒரு காலகட்டத்தில் அவ்வூர் நண்பர்களுக்கு நேர்ந்த மாற்றங்களாகக் கதைசொல்லி அடுக்குபவை மீசையும் கிருதாவும் தாடியும்தாம். வளர்ச்சி அந்த அளவில் நின்றுவிடுகிறது. ஃபவுஸ்தோ கணவனாகிறான், தந்தையாகிறான், கடை ஊழியனாகிறான். ஆனால் இவை யாவும் அவன்மீது சேர்க்கப்பட்டவையேயன்றி அவனை மாற்றியவையல்ல. இறுதியில் அவன் தந்தை இடைவாரால் அவனை அடிக்கிறார். குழந்தை பெற்ற ஒருவனுக்குச் சிறுவனுக்குரிய தண்டனை கிடைக்கிறது.

இதற்கு எதிர்நிலையில் இரண்டு பாத்திரங்கள் உள்ளன. இரயில் நிலையத்தில் வேலை செய்யும் சிறுவன் கீதோ, உருவில் சிறியவனாயினும் விடியலுக்கு முன்பே பணிக்குச் செல்பவன். ஆல்பெர்த்தோவின் தமக்கை ஓல்கா, தன் உழைப்பால் வீட்டைத் தாங்கியவள். தன் முடிவைத் தானே எடுத்து ஊரை விட்டு நீங்குபவள். தம்பியோ அவ்வேளையில் திருவிழாவுக்கு அணிந்த பெண் வேடத்தைக் கூடக் களையவில்லை.

4. பெயர்ப்புச் சிக்கல்கள்

படத்தின் பெயர் ஜெர்மன் மொழியில் 'சோம்பித் திரிவோர்' என்ற பொருளிலும், ஸ்பானிய மொழியில் 'பயனற்றோர்' என்ற பொருளிலும் வழங்குகிறது. அமெரிக்காவில் இது 'இளமையும் வேட்கையும் உடையோர்' என்று பொருள்படும் தலைப்புடன் வெளியிடப்பட்டது. முதலிரண்டும் தீர்ப்புகள், மூன்றாவது விளம்பரம். ஆங்கில வழியாகவே உலகத் திரைப்படங்களைப் பெரிதும் அறியும் நம்மவர்க்கு இது ஓர் எச்சரிக்கை.

தமிழில் 'காளை', 'விடலை' ஆகியவை உடனே நினைவுக்கு வரும். இளைஞனைக் காளை என்பது தமிழ் மரபில் புகழ்ச்சி. இத்தாலியச் சொல்லோ இகழ்ச்சி. விடலைப் பருவம் என்பது இன்று பதின்வயதைச் சுட்டுகிறது. அவ்வயது கடந்தும் அதிலேயே நிற்பதுதான் இங்குச் சிக்கல். கன்றுப் பொருளுக்கு 'தடிமாடு' என்ற வசையும், குடற்பொருளுக்கு 'தண்டச்சோறு' என்ற வசையும் மிக அணுக்கமானவை. இவ்விரண்டும் சோறிடும் கையே வழங்கும் வசைகள். கடிதலோடு உறவையும் விடாத இத்தன்மை மூலச் சொல்லிலும் உண்டு. எனவே பிறர் இவர்களைக் கடியும் உரையாடல்களில் 'தடிமாடு' பொருந்தும். ஆனால் தலைப்பில் அது பொருந்தாது. படத்தில் அச்சொல்லைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்பவர்கள் அந்நண்பர்களே. அங்கு மூலச் சொல்லையே ஒலிபெயர்த்து வைப்பது தக்கது.

கதைசொல்லியின் தன்மைப் பன்மை மேலும் நுட்பமானது. ஐவருள் எவரும் அல்லாத ஒரு குரல், அவர்களுள் ஒருவனாகப் பேசுகிறது. இத்தாலிய 'நொய்' உளப்பாட்டுப் பன்மையையும் தனித்தன்மைப் பன்மையையும் வேறுபடுத்துவதில்லை, தமிழ் வேறுபடுத்துகிறது. 'நாம்' என்று பெயர்த்தால் பார்வையாளரும் குற்றக் கூண்டில் ஏற்றப்படுவர். 'நாங்கள்' என்றால் அவர் வெளியே நின்று கேட்பவராவார். 'நாங்கள்' என்பதே ஏற்புடையது. பிறரை உட்கொள்ளாத ஒரு கூட்டத்தின் வாக்குமூலம் அது; பார்வையாளர் தம்மை அதில் இனங்காண்பதாயின் தாமாகவே காணவேண்டும்.

இறுதியாக ஒரு விளி. ஓடும் காரிலிருந்து ஆல்பெர்த்தோ சாலைப் பணியாளரை நோக்கி 'லவொராதோரி!' என்று கூவி, கையால் இழிவான சைகை காட்டுகிறான். சற்றுத் தொலைவில் கார் நின்றுவிடுகிறது. 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் முதல் விதி, அக்குடியரசு உழைப்பின்மீது நிறுவப்பட்டது என்கிறது. ஆகவே அவன் கூவியது வசைச்சொல்லன்று, மதிப்புச்சொல், இழிவு சைகையிலும் குரலிலும் மட்டுமே உள்ளது. 'கூலிகளே' என்று பெயர்ப்பவர் இம்முரணை அழித்துவிடுவார். மேடை விளியாகிய 'தொழிலாளர்களே!' என்பதே சரியான பெயர்ப்பு.

5. முடிவுரை

'பயனற்றோர்' என்ற தலைப்பின்கீழ் இப்படம் ஊர் வழங்கும் தீர்ப்பாகிவிடுகிறது. 'வித்தெல்லோனி' என்ற தலைப்பின்கீழ் அது அவர்களே தரும் சான்றாகிறது. மொரால்தோ ஒருவன் மட்டும் இறுதியில் இரயிலேறுகிறான். ஏனையோர் தத்தம் படுக்கையில் உறங்குகின்றனர். போகுமிடம் அவனுக்கே தெரியாது. அவனும் பருத்த கன்றாகவே நிற்பானா, வேறொன்றாக மாறுவானா என்பதைப் படம் கூறவில்லை. தலைப்பில் தீர்ப்பெழுதும் மொழிபெயர்ப்பாளர், படம் திறந்து வைத்த அவ்வினாவைத் தொடக்கத்திலேயே மூடிவிடுகிறார்.