பாட்டியின் கண்டிச் சீமை: ஒரு புதுப்பாட்டின் திறனாய்வு

இசைக்குழுவொன்றில் இருப்பவர் அதன் புறத்தே தனிமுயற்சியொன்றில் ஈடுபடுதல் இக்கால இசையுலகின் வழக்காகும். மேலைநாட்டு றொக் இசையாளர் பலர் இவ்வாறு செய்துள்ளனர். அம்முயற்சிகளை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுவாருமுளர். அது பொருந்தாது என்பதற்குத் தமிழிலே ஒரு சான்றுண்டு. அது மலைநாட்டவராகிய நமக்கு மிக நெருங்கியதுமாகும்.

திரைப்பட நெறியாளர் பா. ரஞ்சித்தின் முயற்சியால், 'குரங்கன்' என்னும் றொக் குழுவைச் சார்ந்த டென்மா ஒருங்கமைத்த 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு 2018 ஜனவரியிற் சென்னையில் மேடையேறியது. கானாவும் பறையும் றொக் இசையும் அங்கே கலந்தொலித்தன. அக்குழுவின் பாவலர்களுள் ஒருவரே அரக்கோணத்து அறிவு. அவர் குழுவுக்கு வெளியே, பாடகி தீயுடன் சேர்ந்து, சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வெளியிட்ட பாட்டே 'எஞ்சாயி எஞ்சாமி'.

இப்பாட்டின் ஊற்று, அறிவின் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகள். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழகம் சென்று, அங்கும் நிலமற்ற கூலியாய் வாழ்ந்தவர். இது ஒருவர் கதையன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டமக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உழைத்தவரைக் கேளாமலே அவர்தம் ஊர் எதுவெனத் தீர்மானிக்கப்பட்டது.

இனிப் பாட்டின் திறனை நோக்குவோம். துயரக்கதைக்குத் துள்ளல் நடை தகுமோ என வினவலாம். நமது நாட்டார் மரபை அறிந்தோர் அவ்வாறு வினவார். ஒப்பாரியிலும் தாளமுண்டு, கொழுந்து பறிப்போர் பாட்டிலும் களைப்பும் களிப்பும் பிரியா. நட்டவர் ஒருவர், பயனுண்பவர் வேறொருவர் என்னும் முறையீடு ஆட்டத்தினூடே வருவதால், கேட்போர் அதனை அறியாமலே வாயாற் சொல்லிவிடுகின்றனர். 'சாமி' என்னுஞ் சொல்லாட்சியும் நுண்ணியது. ஏழை முதலாளியை அஞ்சி விளிக்கும் சொல் அது. பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. அச்சத்தின் சொல்லை அன்பின் சொல்லாக்கியமை இப்பாட்டின் தலையாய சிறப்பென்பேன்.

குறையும் உண்டு. கடல்தாண்டிய வரலாறு பாட்டினுள்ளே விளங்கச் சொல்லப்படவில்லை. நமது வகுப்பு மாணவர் இதனை மனப்பாடமாகப் பாடுகின்றனர். அதன் வேர் இம்மலைகளில் உண்டென்று நான் சொன்னபோது வியந்தனர். ஒரு மாணவி மட்டும், "எங்கள் அப்பாயியின் அக்காவும் அவ்வாறே போனவர், ஐயா" என்றாள். அதன் பின்னர் வகுப்பில் எவரும் பேசவில்லை.

பாட்டின் பொருள் பாடினோர்க்கே நேர்ந்ததும் கருதற்பாலது. 2021 ஓகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு, தீயையும் வேறொரு கலைஞரையும் அட்டையிலிட்டபோது, சொற்களை யாத்த அறிவின் முகம் அதிலில்லை. கண்டனம் எழுந்தது. நட்டவர் பெயர் மறைதல் தோட்டத்தோடு முடிவதில்லை போலும். கண்டிக்கருகே லூல்கந்துரையில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார் எனப் பாடநூல் கூறும். மண்ணைக் கொத்தி நாற்றை நட்டவர் பெயரைக் கூறாது.

2024 இல் அறிவு தமது தனித்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டார். பாட்டியின் பெயரையே முகப்பிற் பொறித்தமை, மேற்கூறிய குறைக்குத் தக்க விடையாகும். குழுவின் பொதுக்குரலிற் சொல்லமுடியாத வீட்டுக்கதையைச் சொல்ல ஒரு தனிவழி வேண்டியிருந்தது. அதுவே இத்தகைய முயற்சிகளின் பயன். நம் மாணவரும் இப்பாட்டைப் பாடுவதோடமையாது, தத்தம் பாட்டிமாரிடம் சென்று அவர்தம் கதைகளைக் கேட்பாராக. கேட்டு எழுதி வைத்தற்குக் காலம் நெடிதில்லை.